சூட்டுக்கு அசையாத பீங்கான்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில், மின்னணுவியலில் இப்போது நடக்கும் ஆய்வுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். ஒரு மாலைப் பொழுதில் அந்தத் துறை முழுவதையும் சுற்றிவர யாராலும் முடியாது. ஆகவே இரண்டே பொருள்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, விரல் நுனி அளவுள்ள ஒரு பீங்கான் வில்லை. மற்றொன்று, ஏவுகலத்தைச் செலுத்தும் ஒரு சில்லு. இரண்டும் இந்தத் திருவனந்தபுரம் நகரத்து ஆராய்ச்சியோடு தொடர்புடையவை. முதலாவது நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கரமனையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், இதே நாகர்கோவில் சாலையில், நீறமண்கரையும் கைமனமும் தாண்டிப் பாப்பனங்கோட்டில் ஆராயப்பட்டது. இரண்டாவது தும்பாவில் உருவெடுத்தது.

மின்னணுவியலின் வளர்ச்சி என்றதும் 'இன்னும் வேகம், இன்னும் சிறிது' என்றுதான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஒரு கருவி நேற்று எப்படி நடந்துகொண்டதோ இன்றும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும். காலை வெயிலிலும் நடுப்பகல் வெயிலிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இந்த மாறாமையைச் சம்பாதிப்பதில்தான் ஆய்வாளர்களின் வாழ்நாளில் பெரும்பகுதி போகிறது. திருவனந்தபுரம் உலகத்துக்குக் கொடுத்திருக்கும் நல்ல வேலைகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் எண்ணம்.

இந்த ஊருக்கு அந்தப் பழக்கம் பழையது. கரமனை ஆறு அகத்தியமலைப் பக்கத்து மலைகளில் பிறந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அகத்தியமலை மேல் 1855-ல் ஒரு காந்தமானி நிலையம் இருந்தது. 1837-ல் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வகத்தின் பொறுப்பில் அப்போது இருந்தவர் ஜான் ஆலன் புரூன். நகரத்து ஆய்வகத்திலும் மலையுச்சியிலும் காந்த ஊசி எவ்வளவு சாய்கிறது, எந்த மணிக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று அவரும் அவருடைய உதவியாளர்களும் விடாமல் குறித்து வைத்தார்கள். யானையும் அட்டையும் மழையும் உள்ள காட்டில் கட்டடம் எழுப்பி இந்த வேலை நடந்தது. அக்காலத்து காந்த ஆய்வாளர்கள் எல்லோருக்கும் இருந்த பெருங்கவலை, கருவியின் காந்தமே சூட்டில் வலு மாறிவிடும் என்பது. ஊசி நகர்ந்தால், நகர்ந்தது பூமியின் காந்தத்தாலா, அறையின் வெப்பத்தாலா? இதைப் பிரித்தறிந்து கழித்த பிறகே அளவீடு அளவீடாகும்.

காந்த நடுவரைக்கு அருகில் நாம் இருப்பதால்தான் 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட், நைக்-அப்பாச்சி, புறப்பட்டது. நமது தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அதைவிட நல்ல இடம் இல்லை. அந்தக் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நான் பாப்பனங்கோட்டுக்குப் போகிறேன். அதற்கு முன் நுண்ணலையைப் பற்றியும், அதைப் பிடித்து வைக்கும் பொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நுண்ணலை என்றால் ஏறத்தாழ 1 கிகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் உள்ள மின்காந்த அலை. செல்போன், வைஃபை, ரேடார், செயற்கைக்கோள் எல்லாம் இதில் அடங்கும். இதில் இந்தியாவின் பங்கு தொடக்கத்திலேயே இருந்தது. 1895 முதல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கிச் சோதித்தார். இன்று 60 கிகாஹெர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பகுதி அது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அதைச் செய்து காட்டினார். கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு அவர் செய்த உணர்கருவிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்தியால் ஆன ஒரு கருவிக்குக் கிடைத்த மிகப் பழைய காப்புரிமைகளில் அது ஒன்று. போஸ் தம் அலைகளை வளைக்கக் கந்தகத்தில் முப்பட்டகம் வார்த்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் கடத்தாத ஒரு கட்டி, மின்னலையின் பாதையை மாற்றியது. பீங்கான் வில்லையின் கதை அங்கேதான் வேர்கொள்கிறது.

ஒரு செல்போன் கோபுரம் தனக்குரிய அலைவரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்து நிறுவனத்தின் அலைவரிசையைத் தள்ள வேண்டும். அதற்கு ஒரு வடிகட்டி தேவை. வடிகட்டியின் உயிர், ஒரே ஒரு அதிர்வெண்ணில் மட்டும் வலுவாக அதிரும் ஒத்ததிர்வி. பழைய முறையில் அது ஒரு வெற்று உலோகப் பெட்டி. 2 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் 15 சென்டிமீட்டர். பெட்டியின் அளவும் அதை ஒட்டியே அமையும். பெட்டிக்குப் பதிலாக, அலையை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும் திண்மப் பொருள் ஒன்று இருந்தால்? அலைநீளம் அந்தப் பொருளின் விடுதிறனுடைய (பர்மிட்டிவிட்டி) வர்க்கமூலத்தால் குறையும். விடுதிறன் 36 என்றால் 15 சென்டிமீட்டர் 2.5 சென்டிமீட்டராகிவிடும்.

உலோகப் பூச்சு இல்லாத மின்காப்புக் கட்டி ஒன்று இப்படி ஒத்ததிர்வியாக வேலை செய்யும் என்று 1939-லேயே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ரிச்மையர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். டைஎலக்ட்ரிக் ரெசனேட்டர் என்ற பெயரும் அவர் வைத்ததே. ஆனாலும் அது இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 1960-களில் ரூட்டைல் என்னும் டைட்டானியம் டைஆக்சைடில் செய்து பார்த்தார்கள். விடுதிறன் நூறு, அலை இழப்பும் மிகக் குறைவு. எல்லாம் அமைந்தது, ஒன்றைத் தவிர. சூடு ஏறினால் அதன் அதிர்வெண் ஓடத் தொடங்கியது.

நீலகண்ட சிவன் வாழ்ந்து பாடிய இந்த ஊரில் இதை விளக்குவது எளிது. கச்சேரிக்கு முன் சேர்த்து வைத்த தம்பூரா, மேடை விளக்கின் சூட்டில் சற்று நேரத்தில் இறங்கிவிடும்; கலைஞர் பாட்டுக்கு நடுவே பிருடையைத் தொட்டுச் சரிசெய்துகொள்வார். கோபுரத்தின் மேலே இருக்கும் வடிகட்டியைச் சரிசெய்ய யாரும் இல்லை. கணக்கைப் பாருங்கள். ரூட்டைலின் அதிர்வெண் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 450 பங்கு மாறுகிறது. 2 கிகாஹெர்ட்ஸில் அது டிகிரிக்கு 0.9 மெகாஹெர்ட்ஸ். மூடிய உலோகப் பெட்டி விடியற்காலையிலிருந்து நடுப்பகலுக்குள் 30 டிகிரி சூடேறினால் 27 மெகாஹெர்ட்ஸ் விலகிவிடும். மூன்றாம் தலைமுறை செல்போனின் ஒரு தடம் 5 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். அதாவது நடுப்பகலில் அந்த வடிகட்டி ஐந்து வீடு தள்ளிப்போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு விடை பொருளின் இயற்பியலிலேயே இருந்தது. சூட்டில் பீங்கான் விரிகிறது. உருவம் பெரிதாவதால் அதிர்வெண் குறைகிறது. அதே சூட்டில் விடுதிறன் இறங்குமானால் அதிர்வெண் கூடும். இந்த இரண்டு விளைவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் அதிர்வெண் அசையாது. பீங்கான்கள் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 10 பங்கு விரியும். ஆகவே விடுதிறன் அதைப்போல இரு மடங்கு வேகத்தில் இறங்க வேண்டும். சொல்ல எளிது. விடுதிறன் அதிகமாகவும் இருக்க வேண்டும், இழப்பு குறைவாகவும் இருக்க வேண்டும், சூட்டுக்கும் அசையக் கூடாது என்று மூன்று நிபந்தனைகளையும் ஒருசேர வைத்தால், இயற்கை ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பிடுங்கிக்கொள்கிறது.

1974-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் பேரியமும் டைட்டானியமும் ஆக்சிஜனும் 2:9:20 என்ற விகிதத்தில் சேர்ந்த ஒரு சேர்மத்தை அறிவித்தார்கள். விடுதிறன் ஏறத்தாழ 40. டிகிரிக்குப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு அளவிலேயே விலகல். முன்பு 27 மெகாஹெர்ட்ஸ் ஓடியது இப்போது 0.12 மெகாஹெர்ட்ஸில் நின்றது. ஜப்பானில் முராட்டா நிறுவனம் சிர்கோனியம் வெள்ளீய டைட்டனேட்டைத் தயாரித்தது. 1980-களின் தொடக்கத்தில் அதே நாட்டில் பேரியம் துத்தநாக டான்டலேட், பேரியம் மக்னீசியம் டான்டலேட் என்ற இரண்டு வந்தன. இவற்றில் முதலாவதைச் சூளையில் நாள்கணக்கில் வைத்திருந்தால் இழப்பு மேலும் குறைகிறது என்று 1983-ல் தெரிந்தது. காரணம் அழகானது. துத்தநாக அணுக்களும் டான்டலம் அணுக்களும் முதலில் கண்டபடி கலந்து கிடக்கின்றன. நீண்ட நேரச் சூட்டில் அவை மெல்ல நகர்ந்து, ஒரு வரிசை துத்தநாகம், இரண்டு வரிசை டான்டலம் என்று ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. ஒழுங்கு கூடக்கூட, அலை தன் ஆற்றலை இழப்பது குறைகிறது. இழப்பு குறையக் குறைய உயரும் அளவான தரக்காரணி, 12 கிகாஹெர்ட்ஸில் 14,000 என்று அப்படிக் கிடைத்தது.

இப்போது பாப்பனங்கோடு. தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் 1975-ல் தொடங்கிய மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆய்வு மன்றக் கூடத்தை முன்பு வட்டார ஆராய்ச்சிக்கூடம் என்றோம். 2007 முதல் தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். பேருந்து நடத்துநருக்கு அது இன்றும் 'ஆர்.ஆர்.எல்.'தான். அங்கே பேராசிரியர் மயிலாடில் டி. செபாஸ்டியன் தலைமையில் ஒரு குழு பல ஆண்டுகள் நுண்ணலைப் பீங்கான்களையே வேலையாகக் கொண்டிருந்தது.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று மாணவர்களுக்காகச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். ஆக்சைடு, கார்பனேட் தூள்களை முதலில் எடை போட வேண்டும். நியோடிமியம் ஆக்சைடு, லாந்தனம் ஆக்சைடு போன்றவை காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துவிடும். இடவப்பாதி மழைக் காலத்தில் இந்த ஊர்க் காற்றின் ஈரம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. அடுப்பில் சுட்டு உலர்த்தாமல் எடை போட்டால் தராசு காட்டுவது ஆக்சைடின் எடை மட்டுமல்ல, தண்ணீரின் எடையும் சேர்த்துத்தான். கலவை விகிதமே பிசகிவிடும். எடை போட்ட தூளைச் சிர்கோனியா உருண்டைகளோடு உருளைக் குடுவையில் போட்டு மணிக்கணக்கில் அரைப்பார்கள். உலர்த்தி, ஆயிரம் டிகிரியைத் தாண்டிய சூட்டில் வறுத்து, மறுபடி அரைத்து, பிசின் கலந்து, எஃகு அச்சில் அழுத்தி வில்லையாக்கி, 1300-லிருந்து 1600 டிகிரி வரை சுடுவார்கள். துத்தநாகம் அந்தச் சூட்டில் ஆவியாகிப் போய்விடும் என்பதால் அதே கலவைத் தூளுக்குள் வில்லையைப் புதைத்து வைத்துச் சுடுவதும் உண்டு. வெளியே வருவது ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, வெள்ளையோ மங்கிய மஞ்சளோ ஆன ஒரு சின்ன உருளை. சுண்டினால் 'டிங்' என்று ஒலிக்க வேண்டும். உள்ளே ஓட்டை இருந்தால் ஒலி மட்டுப்படும்.

பிறகு அளவை. இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே வில்லையை நிறுத்தி, இரு பக்கமும் சிறு கம்பி வளையங்களால் அலையைச் செலுத்தி, நெட்வொர்க் அனலைசர் திரையில் பார்ப்பார்கள். ஹாக்கி, கோல்மன் என்ற இருவர் 1960-ல் வகுத்த முறை இது. திரையில் ஒன்றல்ல, பல முகடுகள் எழும். நமக்கு வேண்டியது எது? மேல்தட்டை ஒரு மயிரிழை அளவு உயர்த்துவார்கள். மற்ற முகடுகள் விரைந்து இடம்பெயரும். நாம் தேடும் முகடு மட்டும் பெரிதாக அசையாது. அதைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு இந்த அமைப்பைப் படிப்படியாகச் சூடாக்கி, அந்த முகடு எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு கலவைக்கு இவ்வளவும். அரை சதவீதம் மாற்றிய அடுத்த கலவைக்கு மறுபடி முதலிலிருந்து.

செபாஸ்டியன் குழு ஆராய்ந்தவற்றில் சீரியம் ஆக்சைடை அடிப்படையாகக் கொண்ட பீங்கான்கள் எனக்கு நெருக்கமானவை. சீரியம் ஆக்சைடின் அதிர்வெண் சூட்டில் ஒரு பக்கம் விலகும். கால்சியம் டைட்டனேட்டினுடையது மறுபக்கம், அதுவும் மிக வேகமாக. தக்க அளவில் கலந்தால் விலகல் பூஜ்யத்தை நெருங்கும். சீரியமும் டைட்டானியமும் நம் கடற்கரை மணலிலேயே கிடப்பவை என்பதால்தான் நெருக்கம் என்றேன். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலில் சீரியம் அடங்கிய மோனசைட்டைக் கண்டார். அதையொட்டித்தான் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது. இன்றும் அங்கேயும் சவறையிலும் கறுத்த மணலைப் பிரித்தெடுக்கிறார்கள். நம் கொச்சுவேளியில் திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை அந்த மணலில் உள்ள டைட்டானியத் தாதுவான இல்மனைட்டிலிருந்து வெள்ளை நிறமி செய்கிறது. ஆனால் வண்ணப்பூச்சுக்கான டைட்டானியம் டைஆக்சைடு வேறு, நுண்ணலைப் பீங்கானுக்கான தூள் வேறு. பின்னதற்கு 99.9 சதவீதமும் அதற்கு மேலும் தூய்மை வேண்டும். துகளின் அளவும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மணல் நம்முடையது, அறிவும் நம்முடையது. நடுவில் இருக்க வேண்டிய தூய தூள் தயாரிக்கும் தொழிலை நாம் வளர்க்கவில்லை. குறைகடத்தி ஆலைகளைப் பற்றி நாடு முழுவதும் பேசும் இந்த நாளில், இந்தத் தூளைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அந்தக் குழுவின் இன்னொரு பணியை நான் கண்டுபிடிப்புகளுக்கு இணையாக மதிக்கிறேன். உலகம் முழுவதும் யார் எந்த நுண்ணலைப் பீங்கானைச் செய்து என்ன அளவு கண்டார்கள் என்று திரட்டி வைத்தார்கள். 2008-ல் எல்செவியர் வெளியிட்ட செபாஸ்டியனின் நூலில் அந்தத் திரட்டு இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவின் ரிக் யூபிக், பின்லாந்து ஔலு பல்கலைக்கழகத்தின் ஹெலி யான்டுனன் ஆகியோரோடு சேர்ந்து அதை இன்னும் விரிவாக்கினார். புதிதாக ஒரு வில்லை செய்ய நினைக்கும் மாணவர், சோலிலோ ஷாங்காயிலோ இருந்தாலும், முதலில் அந்த அட்டவணைகளைத்தான் புரட்டுவார். ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டாடும் நம் பல்கலைக்கழகங்கள், இப்படிப்பட்ட திரட்டு வேலையைப் போதுமான அளவு மதிப்பதில்லை. பிறர் ஏறிச் செல்லப் படி கட்டுவதும் ஆராய்ச்சிதான்.

உங்கள் வீட்டு மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவின் முனையில் ஒரு சிறு பெட்டி இருக்கிறதே, அந்த வகைப் பெட்டிகள் பலவற்றுக்குள் பல ஆண்டுகளாக இருந்துவந்தது இப்படி ஒரு பீங்கான் வில்லைதான். செயற்கைக்கோளின் அலையோடு கலப்பதற்காக 9.75 அல்லது 10.6 கிகாஹெர்ட்ஸில் நிலையான அலையை உண்டாக்குவது அதன் வேலை. சித்திரை வெயிலிலும் கர்க்கடக மழையிலும் படம் அசையாமல் வந்தது அதனால்தான். ஜி.பி.எஸ். கருவிக்குள் இருக்கும் சதுர ஆன்டெனாவும் பீங்கானே.

இப்போதைய ஆய்வு வேறு திசையில் போகிறது. 2022 ஏலத்தில் நம் நாட்டில் 5ஜி-க்காக விற்ற அலைவரிசைகளில் 3.3 கிகாஹெர்ட்ஸும் உண்டு, 26 கிகாஹெர்ட்ஸும் உண்டு. 26 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே ஒரு சென்டிமீட்டர் சொச்சம். அங்கே பொருளைச் சிறிதாக்கும் கவலை இல்லை. சைகை தாமதமின்றிப் பாய வேண்டும் என்பதே கவலை. ஆகவே குறைந்த விடுதிறனும் மிகக் குறைந்த இழப்பும் உள்ள பொருள்களைத் தேடுகிறார்கள். மற்றொரு கவலை, சுடும் சூடு. வெள்ளி 961 டிகிரியில் உருகிவிடும். வெள்ளிக் கம்பிகளோடு சேர்த்துச் சுட வேண்டுமானால் பீங்கான் அதற்குக் கீழேயே வெந்துவிட வேண்டும். பாப்பனங்கோட்டில் பீங்கான் தூளை பியூட்டைல் ரப்பரில் கலந்து, வளையக்கூடிய நுண்ணலைத் தகடுகள் செய்து பார்த்தார்கள். உடம்பில் அணியும் மருத்துவக் கருவிகளுக்கு அது உதவும்.

எல்லாவற்றிலும் என்னை வியக்க வைத்தது ஔலுவில் யான்டுனன் குழு 2014-ல் வெளியிட்ட வேலை. லித்தியம் மாலிப்டேட் தூளைச் சிறிது தண்ணீரில் நனைத்து, அச்சில் அழுத்தி, 120 டிகிரியில் உலர்த்தினார்கள். அவ்வளவுதான், சூளையே இல்லை. தண்ணீரில் கரைந்த உப்பு துகள்களுக்கு நடுவே மீண்டும் படிகமாகி அவற்றை ஒட்டிக்கொண்டது. நுண்ணலையில் வேலை செய்யும் நல்ல பீங்கான் கிடைத்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் மண்ணைச் சுட்டுத்தான் பீங்கான் செய்திருக்கிறான்; சுடாமலே செய்யலாம் என்று ஒருவர் காட்டுகிறார் என்றால் அது சாதாரணச் செய்தியா? அதில் ஒரு சிக்கலும் உண்டு. தண்ணீரில் கரைவதால் உருவான பொருள், ஈரத்தில் வைத்தால் கெடும். நம் ஊர் போன்ற ஈரக் காற்றில் அதைக் காப்பது எப்படி என்ற கேள்விக்கு வேலை செய்ய நம் ஊர் ஆய்வகத்தைவிடப் பொருத்தமான இடம் எது?

சில்லுக்கு வருகிறேன். 2025 மார்ச் 5 அன்று புதுதில்லியில், விக்ரம் 3201 என்ற 32-பிட் நுண்செயலியின் முதல் உற்பத்தித் தொகுதிகளை மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகச் செயலர் எஸ். கிருஷ்ணன் இஸ்ரோ தலைவர் வி. நாராயணனிடம் ஒப்படைத்தார். நாராயணன் நம் பக்கத்துக் குமரி மாவட்டம் மேலக்காட்டுவிளைக்காரர். வடிவமைத்தது தும்பா விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். உற்பத்தி செய்தது மொஹாலியின் குறைகடத்தி ஆய்வகம். இதன் முன்னோடியான 16-பிட் விக்ரம் 1601, 2009 முதல் நம் ஏவுகலங்களை ஓட்டிவருகிறது. புதியதை 2024 டிசம்பர் 30 அன்று பறந்த பி.எஸ்.எல்.வி.-சி60-ன் கடைசிக் கட்ட மேடையில், போயம்-4-ல், விண்வெளியிலேயே சோதித்துவிட்டார்கள்.

இந்தச் சில்லு 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனின் சில்லு 3, 4, 5 நானோமீட்டர் என்று பெயர் சொல்லிக்கொள்கிறது. 'இருபது ஆண்டு பழைய தொழில்நுட்பமாயிற்றே' என்று சிலர் எழுதினார்கள். அவர்களுக்கு மரியாதையோடு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஏவுகலம் படம் ஓட்டிக் காட்டப் போவதில்லை. வேகத்தையும் சாய்வையும் நொடிக்கு நொடி கணக்கிட்டு, சொன்ன கணத்தில் சொன்ன கட்டளையைத் தர வேண்டும். ஒரு கணம் பிந்தினாலும் கலம் போய்விடும். உறைகுளிரான மைனஸ் 55 டிகிரியிலும் 125 டிகிரிச் சூட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும். கீழிருந்து மேலே போகும்போது உண்டாகும் அதிர்வைத் தாங்க வேண்டும். பெரிய டிரான்சிஸ்டரில் தேங்கும் மின்னூட்டம் அதிகம். விண்துகள் ஒன்று மோதினால் 0 என்பது 1 ஆகப் புரண்டுவிடும் வாய்ப்பு அதனால் குறைகிறது. இந்த வேலைக்கு 180 நானோமீட்டர் பொருந்தி வருகிறது.

இதில் நான் அதிகம் மதிப்பது சில்லை மட்டுமல்ல. அதற்கான அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர், அடா மொழிக் கம்பைலர் எல்லாவற்றையும் இஸ்ரோ தானே எழுதிக்கொண்டது. செயலியின் கட்டளைத் தொகுதியே சொந்தம். நாளை எந்த நாடு எந்தச் சில்லைத் தர மறுத்தாலும் ராக்கெட் புறப்படும்.

மொஹாலி ஆலைக்கு ஒரு சோக வரலாறு உண்டு. 1984-ல் உற்பத்தி தொடங்கியபோது உலகத்தின் முன்னணி ஆலைகளிலிருந்து நாம் வெகுதூரம் பின்தங்கியிருக்கவில்லை. 1989 பிப்ரவரியில் தீப்பிடித்தது. எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் தைவானும் கொரியாவும் எட்டாத தூரம் போய்விட்டன. அதே ஆலையில்தான் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலி ஒன்றும் 2018-ல் 180 நானோமீட்டரில் வெளிவந்தது. நம் வெள்ளயம்பலத்தில் இருக்கும் சி-டாக் வேகா செயலிகளை வடிவமைத்திருக்கிறது; தேஜஸ்32 சில்லு பொருத்திய சிறு பலகைகளைக் கல்லூரி மாணவர்கள் வாங்கிப் பழகலாம். வாங்கிப் பழகுங்கள்.

சில்லும் பீங்கானும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. ரேடாரிலும் 5ஜி கோபுரங்களிலும் இப்போது சிலிக்கனின் இடத்தில் காலியம் நைட்ரைடு பெருக்கிகள் வருகின்றன. காலியம் நைட்ரைடின் பட்டை இடைவெளி 3.4 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கனுக்கு 1.1. அதிக மின்னழுத்தம் தாங்கும், அதிகத் திறன் தரும். சிறு பரப்பில் கடும் சூட்டையும் கிளப்பும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வடிகட்டி. குறைகடத்தி முன்னேற முன்னேற, அசையாத பீங்கானின் தேவை கூடிக்கொண்டே போகிறது.

இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்துவது நல்ல காரியம். அதை நிறுத்த வேண்டாம். அதோடு, கைமனம் மகளிர் பாலிடெக்னிக் போன்ற பக்கத்து நிறுவனங்களில் படிக்கும் மாணவியர் இருவருக்கு ஓராண்டு உதவித்தொகை கொடுங்கள். கட்டுரை எழுதச் சொல்ல வேண்டாம். பாப்பனங்கோட்டிலோ வேறோர் ஆய்வகத்திலோ அனுமதி பெற்று, தூளை எடை போடவும், வில்லை அழுத்தவும், சூளையைக் கவனிக்கவும், திரையில் சரியான முகட்டைக் கண்டுபிடிக்கவும் அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். ஒவ்வொரு ஆய்வகத்திலும் பட்டம் பெற்றவர்களைவிடக் கை பழகியவர்களுக்குத்தான் இன்று பஞ்சம். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேசுபவரை அழைக்கும்போது, அந்த இருவரையும் அழைத்து, அவர்கள் செய்த வில்லைகளை இங்கே வைத்து, அளந்த எண்களைச் சபைக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கான முதல் ஆண்டுத் தொகையில் என் பங்காக இன்று எனக்கு அளித்த சன்மானத்தைப் பொருளாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.